ஒரே வீடு, மூன்று சபை: மட்டக்களப்புக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா கத்தோலிக்கம், அப்பா மெதடிஸ்ட், அக்கா பெந்தெகொஸ்தே. இப்படியொரு வீட்டில் வளர்ந்தவன் நான். போதாததற்கு இருபது வருடமாக ஞாயிறு பாடசாலையிலும் நிற்கிறேன். கல்யாணப் பேச்சு, சாவு வீடு, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய லெந்து என்னும் நோன்புக் காலம் என்று எது வந்தாலும் யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். நான் குருவானவரும் இல்லை, போதகரும் இல்லை. சபைச் சட்டம் வரும் இடங்களில் உங்கள் சுவாமியையோ போதகரையோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுறம், பிறகேன் புளியந்தீவுக்குள்ளயே இத்தனை கோயில்?

கொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கப்பலில் வரவில்லை, அதுதான் காரணம். கத்தோலிக்கம் போர்த்துக்கேயரோடு வந்தது. 1638இல் மட்டக்களப்பு நகரின் நடுவேயுள்ள இந்தப் புளியந்தீவில் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் சீர்திருத்த சபைக்காரர், கத்தோலிக்கரை அவர்களுக்கு ஆகாது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ட் மிஷனரி இங்கே வந்து இறங்கினார். ஒரு வருடம் முடியுமுன் இறந்துபோனார், ஆனால் அவர் தொடக்கிய வேலைதான் இன்றைய மெதடிஸ்ட் மத்திய கல்லூரி. ஆங்கிலேயரோடு அங்கிலிக்கன் சபை வந்தது. புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்த இயேசு சபைக் குருக்கள் முதலில் பிரான்சிலிருந்தும் பிறகு அமெரிக்காவிலிருந்தும் வந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் போன நூற்றாண்டில் வந்தவை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலருடைய அம்மம்மா வேதத்தை ஆராய்ந்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தவர் இல்லை. அவருடைய ஊருக்கு யார் முதலில் வந்தார்களோ அவர்கள் கற்றுக்கொடுத்தபடி முழங்காலில் நின்றவர். இது ஞாபகம் இருந்தால் சண்டையில் பாதி குறையும்.

அவங்கட பைபிளே வேற எண்டுறாங்களே?

முழுக்க வேறு இல்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், மெதடிஸ்ட், அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே போன்ற புரட்டஸ்தாந்தரிடம் 66. வித்தியாசம் பழைய ஏற்பாட்டில்தான். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இரு பக்கத்தாருக்கும் ஒன்றே. நம் காதுக்குப் பெரிதாகத் தெரிவது சொல் வித்தியாசம்: கத்தோலிக்கருக்குச் செபம், புரட்டஸ்தாந்தருக்கு ஜெபம், அவர்களுக்குத் திருமுழுக்கு, இவர்களுக்கு ஞானஸ்நானம், அவர்களுக்குத் தபசு காலம், இவர்களுக்கு லெந்து. 1995இல் வந்த திருவிவிலியம் இரு பக்கத்து அறிஞர்களும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு. ஆனாலும் என் அக்கா பழைய மொழிபெயர்ப்பைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். "அதிலதான் ஆண்டவர் என்னோட கதைச்சவர்" என்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

எது விட்டுக்கொடுக்கக் கூடாத விசுவாசம், எது ஆளாளுக்கு வித்தியாசமான பழக்கம்? எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

நான் மூன்று கூடையாகப் பிரிப்பேன். முதல் கூடையில் கடவுள் ஒருவர், இயேசு உண்மையாகவே மனிதரானார், சிலுவையில் மரித்தார், உயிர்த்தார் என்பவை. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் அறிக்கையாக எழுதத் தொடங்கியவை இவை. அந்த அறிக்கையை ஞாயிறுதோறும் சொல்கிற சபையும் உண்டு, வாயால் சொல்லாமலே அதை நம்புகிற சபையும் உண்டு.

இரண்டாவது கூடை சபைக்குச் சபை மாறுவது: ஞானஸ்நானம் எப்போது கொடுப்பது, நற்கருணை (திருவிருந்தின் அப்பமும் இரசமும்) யாருக்கு, குருத்துவம் யாருக்கு. இவற்றில் கருத்து வேறுபாடு உண்மையானது. "எல்லாம் ஒண்டுதான்" என்று பூசி மெழுகினால் இரண்டு பக்கத்தாரையும் அவமதித்ததாக முடியும். மூன்றாவது கூடைதான் பெரியது: செபமாலை, உபவாசம், சத்தமாக ஜெபிப்பது, மௌனமாக இருப்பது, முக்காடு, நகை, நேர்த்திக்கடன், விடியற்காலை தியானம். வீட்டுச் சண்டைகளில் நான் கண்டவரை முக்கால்வாசி இந்தக் கூடைக்குள்தான். சண்டை பிடிக்கிறவர்கள் மட்டும் அது முதல் கூடையில் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதுக்கெல்லாம் வேதத்தில ஏதும் இருக்கா, இல்லாட்டி சும்மா நல்ல பிள்ளையா இருக்கச் சொல்லுறீங்களா?

இருக்கிறது. ரோமர் 14. அது ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரம். கிலவுதியு இராயன் ஏறக்குறைய 49ஆம் ஆண்டில் யூதரை ரோமிலிருந்து வெளியேற்றினான். அவர்களோடு யூதக் கிறிஸ்தவர்களும் போனார்கள். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சபை கைமாறியிருந்தது. யூதரல்லாதவர்கள் எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டு, நாள் கிழமை பாராமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. சிலர் மரக்கறி மட்டும் சாப்பிட்டார்கள், சிலர் ஒரு நாளை விசேஷமாக வைத்தார்கள். 57ஆம் ஆண்டளவில் பவுல் எழுதிய கடிதம் அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் போனது.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சாப்பிடுகிறவனுக்கு ஒரு கட்டளை, சாப்பிடாதவனுக்கு வேறொரு கட்டளை. சாப்பிடுகிறவன் மற்றவனை அற்பமாக எண்ணக் கூடாது. சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. சுதந்திரமாக இருக்கிறவனுக்கு வருகிற வியாதி கேலி. கட்டுப்பாடாக இருக்கிறவனுக்கு வருகிற வியாதி தீர்ப்பு. நம் ஊரில் இதை அப்படியே காணலாம். பழைய சபைக்காரர் "அல்லேலூயாக் கூட்டம்" என்று சிரிப்பார்கள். புதிய சபைக்காரர் "அவங்க இன்னும் இரட்சிக்கப்படேல்ல" என்று முடித்துவிடுவார்கள். மெதடிஸ்டுகளாகிய நாங்கள் இரண்டையும் செய்வோம், ஆனால் சத்தமில்லாமல்.

பவுல் யாரையும் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. அவனவன் தன் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்கிறார். மற்றவன் உன்னுடைய வேலைக்காரன் இல்லை, அவன் கணக்குக் கொடுக்க வேண்டியது தன் எஜமானுக்கு என்கிறார். கீழே வரும் பதில்களில் "ரோமர் 14" என்று மட்டும் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

நான் மெதடிஸ்ட். கல்யாணம் முடிச்சு மாமி வீட்டில இருக்கிறன். பின்னேரம் செபமாலை தொடங்கினா எழும்பிப் போறதா, இருக்கிறதா?

இது மட்டக்களப்புக்கே உரிய தலையிடி. இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். ஆகவே வேறு சபைப் பழக்கத்துக்குள் போய் விழுகிறவர் அநேகமாக மருமகன்தான்.

இருங்கள் என்பதுதான் என் எண்ணம். செபமாலையில் வரும் கர்த்தர் கற்பித்த செபத்தை நீங்களும் சொல்லலாம். "அருள் நிறைந்த மரியே" என்பதன் முதல் பாதி லூக்கா முதலாம் அதிகாரத்து வசனங்கள்: வானதூதர் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வரும் இரண்டாம் பாதியில் உங்கள் மனம் இடம் கொடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கள், மாமி கோபிக்கமாட்டார். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு காட்சியைத் தியானிப்பார்கள், அநேகமாக இயேசுவின் வாழ்விலிருந்து. அதை நீங்களும் தியானிக்கலாம். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். போனை மட்டும் நோண்டாதீர்கள்.

எங்கள் அப்பா சாகும்வரை ஒருநாள்கூட செபமாலை பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் ஏழு மணிக்கு விறாந்தைக்குப் போய் ரேடியோவைப் போடுவாராம். எனக்கு ஞாபகம் தெரிந்த காலத்தில் ரேடியோ நின்றுவிட்டது, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி இருப்பார். பிறகு ஒரு மழைகாலம், தூவானம் அடிக்கிறது என்று கதிரையை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார். மழை விட்ட பிறகும் கதிரை வெளியே போகவில்லை. அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதா சுரூபத்துக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்துறது விக்கிரக ஆராதனைதானே? பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது பாவமில்லையா?

கத்தோலிக்கத் திருச்சபை சொல்வது இது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கும் சுரூபத்துக்கும் வணக்கம் மட்டும். இந்த வேறுபாட்டை 787இல் நடந்த இரண்டாம் நிசேயாச் சங்கமே எழுதிவைத்தது, இன்று நேற்றுச் சொல்லும் சாட்டு இல்லை. "அந்த வேறுபாடு சொல்லில் இருக்கிறது, மனதில் நிற்பதில்லை" என்று நீங்கள் கருதலாம். சீர்திருத்தக்காரர் அப்படித்தான் கருதினார்கள், நானும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் போட்டு, "நீ சிலையைக் கும்பிடுறாய்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் அதே பத்துக் கட்டளைக்குள்தான் இருக்கிறது.

அந்நிய பாஷை எண்டு சொல்லி நடிக்கினம். அதையும் மதிக்க வேணுமா?

ஆவியின் ஏவுதலில், தனக்கே விளங்காத மொழியில் ஜெபிப்பதைத்தான் அந்நிய பாஷை என்கிறார்கள். நடிப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 1 கொரிந்தியர் 14இல் பவுல் தானும் அந்நிய பாஷை பேசுகிறவன் என்கிறார். அதே அதிகாரத்தில், சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் அர்த்தம் சொன்னால்தான் என்று கட்டுப்பாடும் போடுகிறார். கத்தோலிக்கருக்குள்ளும் 1967 முதல் அருங்கொடை இயக்கம் இருக்கிறது, அங்கேயும் அந்நிய பாஷை உண்டு. ஆகவே இதை ஒரு சபையின் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி அலறுவது வேறு விஷயம். அது விசுவாசப் பிரச்சினை இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை நித்திரை கொள்ளும் பிரச்சினை. போய் மரியாதையாகச் சொல்லுங்கள். திருநாள் காலத்தில் விடியப்புறமே கோயில் ஸ்பீக்கரைப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

தபசு காலத்தில அவங்க மச்சம் சாப்பிடுறதில்ல. எங்கட வீட்டில நண்டுக்கறி வைச்சா என்ன?

வையுங்கள். ஆனால் அவர்கள் வரும் நாளில் வேண்டாம். கத்தோலிக்கச் சட்டம் விலக்குவது இறைச்சியைத்தான், மீனும் நண்டும் ஆகும். ஆனால் நம் ஊரில் பலர் மீனையும் சேர்த்தே விடுவார்கள், அயலில் இந்துக்கள் விரதம் பிடிக்கும் முறையைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம். சட்டத்தில் இல்லை என்று அவர்களுக்கு வகுப்பு எடுக்காதீர்கள். விரதம் பிடிக்கிறவர்களுக்கும் ஒன்று: மத்தேயு 6இன்படி முகத்தை வாடவைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

மருமகள் பொட்டு வைக்கிறதில்ல, நகையைக் கழட்டிப் போட்டாள். வெறுங்கழுத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரியுது.

மாமி, ரோமர் 14. பிறகு, அவரும் உங்கள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து ஒன்றும் சொல்லக் கூடாது. பெண்களின் புற அலங்காரத்தைப்பற்றிப் பேசும் 1 பேதுரு 3 தன் பக்கம் என்று அவர் நினைப்பார். அது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, உங்களுக்கு இல்லை.

அக்கா வேற சபைக்குப் போய் திரும்ப ஞானஸ்நானம் எடுத்திட்டா. அம்மா அழுதுகொண்டே இருக்கிறா. யார் சொல்லுறது சரி?

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. இதைப்பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன்.

கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத்தை முழுமையானதாக ஏற்கிறார்கள். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஒருமுறை கொடுத்தால் போதும், திரும்பக் கொடுப்பதில்லை. மெதடிஸ்ட் ஒருவர் கத்தோலிக்கராக மாறினாலும் பழைய ஞானஸ்நானமே செல்லும். பெந்தெகொஸ்தே, பப்டிஸ்ட் சபையினர் விசுவாசித்த பிறகு முழுகி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்கிறார்கள். அவர்கள் கணக்கில் இது "திரும்ப" இல்லை, இதுதான் முதல்முறை. ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு பொருளில் பேசுகிறார்கள். இது இரண்டாவது கூடை, கருத்து வேறுபாடு உண்மையானது.

அக்கா கல்லடிப் பக்கம் வாவியில் முழுகினார். துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றது நான். அம்மா வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது சோறு மூடியிருந்தது, அம்மா குசினி வாங்கில் இருந்தார். "அப்ப அண்டைக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போனது ஆரை?" என்றார். இறையியல் வாதம் எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லை. அம்மாவின் காதில் விழுந்தது, "நீங்க எனக்குத் தந்தது ஒண்டுமில்ல" என்பது. அக்கா சொல்ல வந்தது அது இல்லை.

பல மாதம் கழித்து அக்கா ஒருநாள், "அண்டைக்கு நீங்க தூக்கிக்கொண்டு போகாட்டி நான் இண்டைக்கு இயேசுவைத் தேடியே இருக்கமாட்டன்" என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அக்காவுக்குப் பிடித்த சொதி வைத்தார். அக்கா தன் போதனையில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். யார் சரி என்று என்னிடம் கேட்டால் நான் மெதடிஸ்டாகத்தான் பதில் சொல்வேன். அதை நீங்கள் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போனா நற்கருணை வாங்கலாமா? தராட்டி அவமானம்தானே?

பொதுவாக வாங்கக் கூடாது, இருந்த இடத்தில் இருங்கள். அவர்களுக்கு நற்கருணை என்பது ஒரே சபையாக இணைந்திருப்பதன் அடையாளம். இணைப்பு இன்னும் முழுமையாகவில்லை என்பதால் கொடுப்பதில்லை, உங்களைக் குறைத்துப் பார்த்து இல்லை. மெதடிஸ்ட் திருவிருந்தில் பொதுவாக மற்றச் சபையாரையும் அழைப்போம். ஆனால் கத்தோலிக்கர் வந்து வாங்க அவர்களுடைய சபை அனுமதிப்பதில்லை, அவர்களை இழுக்காதீர்கள். மதிப்பது என்றால் "இல்லை" என்பதையும் சேர்த்துத்தான்.

31ஆம் நாள் பூசைக்குக் கூப்பிட்டிருக்கினம். செத்தவருக்காக ஜெபிக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்ல.

போங்கள். செபமாலைக்குச் சொன்னதே இதற்கும்: மனம் இடம் கொடுப்பதைச் சொல்லுங்கள், மற்ற இடத்தில் மௌனம். உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கத் தடை ஒன்றும் இல்லையே. சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

எல்லாச் சபையும் ஒண்டாச் சேர்ந்து ஜெபிக்கேக்க எந்த முறையில செய்யிறது?

வருடாவருடம் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வருகிறது, அப்போது இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வேத வாசிப்பு, மௌனம், கர்த்தர் கற்பித்த செபம் மூன்றும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாதவை. ஒரு எச்சரிக்கை: கத்தோலிக்கர் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்பதோடு ஆமென் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வார்கள். நடுவில் அரைவாசிப் பேர் உட்கார்ந்துவிட, மற்றவர்கள் நின்றபடி தடுமாறுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்தக் கூத்து நடக்காது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அந்தக் கிழமை நான் போன சாவு வீடுகளில் ஒருவர் செபமாலையோடு இருந்தார், ஒருவர் சத்தமாக அழுது ஜெபித்தார், ஒருவர் ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்திருந்தார். எந்த முறை என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஜனவரி வந்ததும் மறுபடி கேட்கத் தொடங்கினோம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்க ரெண்டு பேரும் ரெண்டு சபை. பிள்ளையை எங்க சேர்க்கிறது?

கல்யாணத்துக்கு முன் பேசுங்கள், பிள்ளை பிறந்த பிறகு இல்லை. ஒருவர் கத்தோலிக்கர் என்றால், பிள்ளைகளைக் கத்தோலிக்கத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்படும், ஆனால் அவரிடம் வாக்கு வாங்குவதில்லை. 1970க்கு முன் இருவரிடமும் வாங்கினார்கள், பழைய ஆட்கள் சொல்லும் கசப்பான கதைகள் அந்தக் காலத்தவை. எங்கள் வீட்டில் அக்கா அம்மாவோடு, நான் அப்பாவோடு என்று பங்கு பிரித்தார்கள். யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எல்லாத்தையும் மதி, மதி எண்டா பிழையைப் பிழை எண்டு சொல்லவே கூடாதா?

சொல்லலாம். பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததாகக் கலாத்தியர் 2இல் எழுதுகிறவரும் ரோமர் 14 எழுதிய அதே பவுல்தான். பேதுரு யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, யூதக் கிறிஸ்தவர்கள் வந்ததும் விலகிக்கொண்டார். தன் பழக்கத்தை வைத்து மற்றவனை மேசையிலிருந்து தள்ளும்போது அது தனிப்பட்ட விஷயமாக இருப்பதில்லை.

உயிருக்கும் உடம்புக்கும் கேடு வந்தாலும் அப்படித்தான். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா நாற்பது நாள் உபவாசம் என்று சீனி வருத்தக் குளிசையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலை சுற்றி விழுந்தார். அப்போது நாங்கள் ஒருவரும் ரோமர் 14 பேசவில்லை. கத்தோலிக்கச் சட்டம்கூட 18 வயதுக்குக் கீழும் 59க்கு மேலும் உபவாசத்தைக் கடமையாக்குவதில்லை, நோயாளியையும் விட்டுவிடுகிறது. மருந்தை விடச் சொல்கிறவர், கடன்பட்டுக் காணிக்கை கேட்கிறவர், வீட்டுக்காரரோடு கதைக்காதே என்கிறவர் எந்தச் சபையாக இருந்தாலும் வாயைத் திறக்க வேண்டியதுதான்.

ஆயித்தியமலைக்கு நடந்து போறவங்க எங்கட வாசலாலதான் போவாங்க. நான் பெந்தெகொஸ்தே. தண்ணி குடுத்தா அந்தத் திருவிழாவில பங்கெடுத்த மாதிரி ஆகுமா?

வவுணதீவுப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது. செப்டம்பரில் சதா சகாய மாதா திருநாளுக்கு வெயிலில் நடந்து போகிறவர்கள் அவர்கள். மத்தேயு 10இன் கடைசி வசனத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பதைப்பற்றி இருக்கிறது. குடிக்கிறவன் எங்கே போகிறான் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. உங்கள் சபையில் யாரும் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

ஐஸ் தேவையில்லை அக்கா. பானைத் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் போதும். கோப்பைகளைக் கழுவ ஒரு வாளியும் பக்கத்தில் வையுங்கள்.